குண்டாந்தடி சேகரிப்பவர்களுக்கு ஒரு வாத்தியாரின் விண்ணப்பம்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியை வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அவன் இருப்பது லண்டனுக்கு மேற்கே, சவுத்தால் பக்கம். காலையில் பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தால் மதியம் மூன்று மணி வரை எனக்கு வேலை கிடையாது. அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டுப் பெரியவர் பழக்கமானார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு நாள் டீ குடிக்கக் கூப்பிட்டார். உள்ளே போனால் கூடத்துச் சுவர் முழுக்கத் தடிகள். நம் வீட்டில் சாமி படம் மாட்டுகிற இடத்தில் வரிசையாகப் போலீஸ் குண்டாந்தடிகள்.

நான் கொஞ்சம் மிரண்டுதான் போனேன். மனிதர் சிரித்துவிட்டு ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் போலீஸ் தடியைப் பிடி பக்கமாகப் பிடித்துப் பார்த்தேன். நல்ல கனம். கருப்பு வண்ணம் அடித்து, மேலே தங்க நிறத்தில் கிரீடம், கீழே எழுத்துகள், அதற்கும் கீழே ஏதோ ஓர் ஊரின் சின்னம். அடிக்கிற தடிக்கு எதற்கு இவ்வளவு அலங்காரம் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தவர் ஆறு மாதமும் எனக்குப் பாடம் நடத்தினார். 34 வருடம் பாடம் நடத்தியவன் மாணவனாக உட்கார்ந்தேன். நன்றாகவே இருந்தது.

அவர் சொல்லிக்கொடுத்ததை முதலில் எழுதிவிடுகிறேன். என் கருத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த அலங்காரம். ராபர்ட் பீல் லண்டன் மாநகரக் காவல்துறையை ஏற்படுத்தியது 1829-இல். அதற்கு முன்பு ஊர்க்காவல் பார்த்தவர்களுக்குச் சீருடை கிடையாது. கலவரம் வந்தால் கடைக்காரர், குமாஸ்தா, கணக்குப்பிள்ளை என்று கிடைத்தவர்களைப் பிடித்துச் 'சிறப்புக் காவலர்' என்று சத்தியப் பிரமாணம் செய்வித்து, கையில் ஒரு தடியைக் கொடுத்து அனுப்புவார்கள். 1831-இல் இதற்கென்றே ஒரு சட்டமும் வந்தது. அவரும் சாதாரண உடையில்தான் நிற்பார். அவர் காவலர் என்பதற்கு என்ன அத்தாட்சி? தடியில் இருக்கும் கிரீடமும் எழுத்தும்தான். நம் ஊரில் டவாலி போட்ட சேவகனுக்கு வில்லை எப்படியோ, அங்கே தடிக்கு ஓவியம் அப்படி. எல்லாக் காவலர்களுக்கும் சீருடை வந்து நிலைத்த பிறகு இந்த வேலைப்பாட்டுக்குத் தேவை குறைந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த தடிகள் பெரும்பாலும் வெறும் மெருகேற்றிய மரம்தான்.

இனி அடையாளம் காணும் முறை. கரும்பலகையில் எழுதுகிற மாதிரி எழுதுகிறேன்.

ஒன்று, எழுத்து. கிரீடத்தின் கீழே இருப்பது அரசரின் பெயர்ச்சுருக்கம். வில்லியத்தின் 'டபிள்யூ'வும் நான்கு என்ற ரோமன் எண்ணும் இருந்தால் 1830 முதல் 1837 வரை. 'வி ஆர்' என்றால் விக்டோரியா, 1837 முதல் 1901 வரை. 'ஜி ஆர்' என்றால் ஜார்ஜ். எந்த ஜார்ஜ் என்று எண்ணைப் பார்க்க வேண்டும். வில்லியம் ஆண்டது ஏழே வருடம் என்பதால் அவர் காலத்துத் தடி கிடைத்தால் பெரியவர் குழந்தை மாதிரி சந்தோஷப்படுவார்.

இரண்டு, கிரீடம். 20-ஆம் நூற்றாண்டில் 1952 வரை ஆண்ட அரசர்களின் சின்னத்தில் கிரீடத்தின் மேல் வளைவு குவிந்திருக்கும். 1953-க்குப் பிறகு எலிசபெத் அரசியின் சின்னத்தில் நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். ஐந்தாம் ஜார்ஜ் காலத்துத் தடி என்று ஒருவர் விற்க வந்து, கிரீடத்தில் அந்தப் பள்ளம் இருந்தால் வணக்கம் சொல்லி வழியனுப்பிவிடலாம்.

மூன்று, மரம். நல்ல தடிகளுக்கு லிக்னம் வைட்டே என்ற மேற்கிந்தியத் தீவு மரத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு அடர்த்தி. நம் ஈட்டி மரத்தின் இனமான ரோஸ்வுட், கருங்காலி எல்லாம் உண்டு. அவசரத்துக்கு மொத்தமாகச் செய்தவை மலிவான மரத்தில் இருக்கும்.

நான்கு, முத்திரை. செய்தவர் பெயரைப் பிடியின் பக்கத்தில் குத்தியிருப்பார்கள். லண்டன் ஹோல்பர்னில் 233-ஆம் எண் கடையில் இருந்த பார்க்கர் ஃபீல்டு, பர்மிங்காமில் விலங்குகளும் செய்த ஹயட் போன்ற பெயர்கள் அடிக்கடி வரும். ஊர்ச் சின்னமோ ரயில்வே கம்பெனியின் எழுத்தோ இருந்தால் எந்தப் படையுடையது என்று தெரிந்துவிடும். பல தடிகளில் ஓர் எண்ணும் இருக்கும்.

ஐந்து, அளவு. ஆரம்பகாலத்து லண்டன் தடி சுமார் 20 அங்குலம். கோட்டின் வால்பகுதிப் பையில் செருகி வைப்பார்கள். பிறகு வந்தவை 15 முதல் 17 அங்குலம். கால்சட்டையில் அதற்கென்று நீளமான பை தைத்தார்கள். பெண் காவலர்களுக்குக் கைப்பையில் அடங்கும்படி இன்னும் சின்னது கொடுத்தார்கள். 1990-களில் நீட்டி மடக்கும் உலோகத் தடி வந்ததும் மரத்தடியின் காலம் முடிந்தது.

ஆறு, தேய்மானம். கை பிடிக்கும் இடத்தில் வண்ணம் தேய்ந்து, மற்ற இடத்தில் நிற்க வேண்டும். எல்லா இடமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார் என்று அர்த்தம். பழைய மேசைக்காலை அறுத்துக் கிரீடம் வரைந்து விற்பவர்களும் உண்டாம். அதே காரணத்தால், உண்மையான தடியை வாங்கினால் உப்புத்தாளும் வார்னிஷும் பக்கத்திலேயே வரக்கூடாது. உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும்.

சட்டமும் உண்டு. இங்கிலாந்தில் 2004 முதல் இந்தத் தடிகளை விற்பது தடை. நூறு வருடம் கடந்த பழம்பொருளுக்கு மட்டும் விலக்கு. 1926 மே மாதம் நடந்த பொது வேலைநிறுத்தத்தின்போது சிறப்புக் காவலர்களுக்கு ஏராளமான தடிகள் கொடுத்தார்கள். அவை நூறு வயதை எட்டுவது 2026-இல். அதனால் வாங்குகிறவர்கள் ஆண்டைச் சரியாகக் கணக்குப் பார்க்க வேண்டும் என்பார் பெரியவர்.

இதுவரை அவர் பாடம். இனி என் பேச்சு.

ஒரு நாள் விக்டோரியா காலத்துத் தடி ஒன்றைக் காட்டினார். 1848 ஏப்ரல் 10 அன்று, சாமானியனுக்கும் வாக்குரிமை கேட்டு சாசன இயக்கத்தார் கென்னிங்டன் திடலில் கூடியபோது லண்டனில் பல்லாயிரம் பேரைச் சிறப்புக் காவலர்களாகச் சேர்த்தார்கள். பின்னாளில் பிரான்சின் சக்கரவர்த்தியான மூன்றாம் நெப்போலியன்கூட அன்று லண்டனில் தடி பிடித்து நின்றவர்தான். இந்தத் தடியும் அந்த வருடத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்று பெருமையாகச் சொன்னார். முனையில் சின்னதாக ஒரு பள்ளம் இருந்தது.

"இது யார் மேல் பட்டது?" என்று கேட்டேன்.

மனிதர் சட்டென்று பதில் சொல்லவில்லை. பிறகு, "அதை எப்படித் தெரிந்துகொள்வது?" என்றார். எந்த அரசர், எந்த ஊர், எந்தக் கடை, எந்த மரம், எத்தனையாம் எண் காவலர் என்று எல்லாம் அந்தத் தடியிலேயே இருக்கிறது. அடி வாங்கியவனைப் பற்றி ஒரு கோடுகூட இல்லை. முனையில் இருக்கும் பள்ளத்தை அவர் 'சேதம்' என்று குறித்து வைத்திருந்தார். சேதம் இருந்தால் விலை குறையுமாம்.

அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நல்ல மனிதர். ஆனால் அன்று மாலை பேரனைக் கூட்டி வரப் போகும்போது எனக்கு அது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த ஊரில் 'பிளேர் பீச்' என்று ஒரு தொடக்கப்பள்ளி இருக்கிறது. பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டால் நின்று படிப்பது நம் பழக்கம் அல்லவா? யார் இந்த பிளேர் பீச் என்று மகனிடம் கேட்டேன். அவன், "கூகுள் பண்ணுங்கப்பா" என்றான். பண்ணினேன்.

அவர் ஓர் ஆசிரியர். நியூசிலாந்துக்காரர். கிழக்கு லண்டனில் சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். 1979 ஏப்ரல் 23 அன்று, நம்மவர்கள் அதிகம் வாழும் சவுத்தாலில், வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களை விரட்ட வேண்டும் என்று பேசிய நேஷனல் ஃப்ரண்ட் கட்சி நகர மண்டபத்தில் கூட்டம் போட்டது. அதை எதிர்த்து ஊரே தெருவில் திரண்டது. அந்த மக்களோடு நிற்க வந்தவர் பிளேர் பீச். தலையில் ஒரே அடி. அன்றிரவே மருத்துவமனையில் இறந்துபோனார். வயது 33. அந்த வருடம் நான் இங்கே ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன்.

இதில் தடி எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். அவர் மண்டையில் பட்ட காயத்தைப் பார்த்த மருத்துவர்கள், இது வழக்கமான போலீஸ் தடியால் வந்தது போல் இல்லை, அதைவிடக் கனமான ஏதோ ஒன்று என்றார்கள். அன்று அங்கே பணியில் இருந்த காவல் பிரிவினரின் பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது, துறை கொடுக்காத பல ஆயுதங்கள் கிடைத்தன. காவல்துறை நடத்திய உள் விசாரணையின் அறிக்கை 31 வருடம் கழித்து, 2010-இல்தான் வெளியானது. அடித்தது ஒரு காவலர்தான் என்பது ஏறக்குறைய உறுதி என்று அதில் இருந்தது. ஆனால் கொலைக்காக யார் மேலும் வழக்குப் போடவில்லை. எந்தத் தடி, யார் கை என்பது கடைசிவரை தீரவில்லை.

பெரியவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே வித்தைதான் இங்கேயும் தேவைப்பட்டது என்று அன்றைக்குப் புரிந்தது. தடியைப் பார்த்து அது யாருடையது என்று அவர் கண்டுபிடிக்கிறார். காயத்தைப் பார்த்து எந்தத் தடி என்று மருத்துவர்கள் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். முத்திரையும் எண்ணும் உள்ள தடிக்குக் கணக்குக் கேட்கலாம். பெட்டிக்குள் மறைத்து வைத்த பெயரில்லாத தடிக்குக் கணக்குக் கேட்க முடியாது. தடியில் எண் குத்தியது பொருள் தொலையாமல் இருப்பதற்காக இருக்கலாம். ஆனால் அந்த எண்ணில் ஒரு பொறுப்பும் இருக்கிறது. சேகரிப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மறுநாள் இதைப் பெரியவரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசினோம். பிளேர் பீச் இறந்தபோது அவர் இளைஞர், அதே ஊர்தான், அவருக்கு நினைவிருக்கிறது. ஆனால் சுவரில் இருப்பதையும் அதையும் தாம் சேர்த்து யோசித்ததே இல்லை என்றார்.

இங்கே வந்து சில நண்பர்களிடம் இந்தக் கதையைச் சொன்னபோது இரண்டு விதமான பதில் வந்தது. ஒருவர், "மனுஷனை அடிச்ச கட்டையை எதுக்கு சார் சேர்த்து வைக்கணும்? அடுப்பில் வைக்க வேண்டியதுதானே?" என்றார். இன்னொருவர், "பழம்பொருள் பழம்பொருள்தான் சார், இதில் என்ன அரசியல்?" என்றார். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை.

எரித்துவிட்டால் சாட்சி போய்விடும். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் அரசாங்கம் தன் சொந்த ஜனங்களுக்கு எதிராகக் கடைக்காரன் கையில் தடி கொடுத்தது என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, அந்தத் தடியைக் கையில் பிடித்துப் பார்ப்பது வேறு. நான் பிடித்துப் பார்த்ததால்தான் கேள்வியே வந்தது. அதனால் சேகரிக்கத்தான் வேண்டும். ஆனால் மெருகு போட்டுச் சுவரில் மாட்டி, மரத்தையும் கிரீடத்தையும் மட்டும் பேசுவது பாதிப் பாடம். அந்த ஊரில் அந்த ஆண்டில் என்ன கலவரம், எதற்காக ஜனங்கள் கூடினார்கள், யார் அடிபட்டார்கள் என்று தேடி, தெரிந்தவரை பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். தெரியவில்லை என்றால் 'தெரியவில்லை' என்றாவது எழுத வேண்டும். 'சேதம்' என்று எழுதக்கூடாது.

நம் நாட்டுக் கதை இதற்கு நேர் எதிர். வெள்ளைக்காரன் தன் ஊர்க் காவலருக்கு ஒன்றரை அடிக் குண்டாந்தடியைக் கொடுத்தான். இங்கே ஆள் உயர மூங்கில் லத்தியைக் கொடுத்தான். 1930 மே மாதம் தராசனா உப்பளத்தில் சத்தியாகிரகிகள் மேல் விழுந்தது இரும்புப் பூண் போட்ட லத்தி. 1932 ஜனவரியில் திருப்பூரில் கொடியோடு ஊர்வலம் போன குமரன் மேல் விழுந்ததும் லத்திதான். குமரன் பெயர் நம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். நானே எத்தனை வருடம் நடத்தியிருப்பேன்! ஆனால் மூங்கிலுக்குக் கிரீடமும் கிடையாது, கடை முத்திரையும் கிடையாது. உடைந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுப்பார்கள். அங்கே தடி தங்கியது, அடிபட்டவன் பெயர் தங்கவில்லை. இங்கே அடிபட்டவரின் பெயர் இருக்கிறது, தடி இல்லை. சென்னை எழும்பூரிலும் கோவையிலும் காவல் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் துப்பாக்கிகளோடு நிறுத்திக்கொள்ளாமல் லத்தியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்.

இவ்வளவும் போலீஸ்காரரைப் பற்றி எழுதிவிட்டு என்னைப் பற்றி எழுதாமல் விட்டால் அது நியாயம் இல்லை.

பெரியவரோடு ஒரு ஞாயிறு பழம்பொருள் சந்தைக்குப் போயிருந்தேன். ஒரு கடையில் தோல் வார் ஒன்று தொங்கியது. நுனி இரண்டாகப் பிளந்திருந்தது. ஸ்காட்லாந்து ஆசிரியர்கள் பிள்ளைகளின் உள்ளங்கையில் அடிக்கப் பயன்படுத்தியது என்றார் பெரியவர். லோக்கெல்லி என்ற ஊரில் செய்தது பேர் போனதாம். செய்தவர் பெயரும், எவ்வளவு கனம் என்பதற்கான எழுத்தும் குத்தியிருப்பார்கள். அதையும் சேகரிக்கிறார்கள்! கையில் வாங்கியவன் உடனே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஏன் என்றால், என்னிடமும் ஒன்று இருந்தது. மதுரைச் சித்திரைத் திருவிழாக் கடையில் வாங்கிய பிரம்பு. இரண்டு ரூபாய். இரண்டரை அடி நீளம். விளக்கெண்ணெய் தடவி வைப்பேன், காயாமல் இருக்கும். பிடி பக்கம் சைக்கிள் டியூப் சுற்றியிருப்பேன். இன்றைக்குக் கேட்டாலும் அதன் கணுக்கள் எங்கெங்கே என்று சொல்வேன். சேர்ந்து ஆறேழு வருடம் ஆன சமயம், நான்காம் வகுப்பில் ஒரு பையன் மூன்று நாள் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தான். கையை நீட்டச் சொன்னேன். பயத்தில் கையைத் திருப்பிவிட்டான். அடி விரல் கணுவில் பட்டது. மறுநாள் வீங்கிய விரலோடு வந்தான். அவன் அம்மா வந்தார், களை எடுக்கிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு. சண்டை போடவில்லை. "நல்லாப் படிக்கச் சொல்லிக் கொடுங்க சார், கை மட்டும் எழுதுற கை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பையன் பெயர் எனக்கு நினைவில் இல்லை.

எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். முகம் மங்கலாக வருகிறது, பெயர் வரவில்லை. பிரம்பின் விலை நினைவிருக்கிறது. எதிர்வீட்டுப் பெரியவரைப் பார்த்து "யார் மேல் பட்டது?" என்று கேட்ட நான், என் தடிக்கு அந்தப் பதிலைச் சொல்ல முடியாமல் நிற்கிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2010-இல் அமலுக்கு வந்து பிரம்பு பள்ளியை விட்டுப் போனபோது, "இனி பிள்ளைகளை எப்படி மேய்ப்பது?" என்று ஆசிரியர் அறையில் புலம்பியவர்களில் நானும் ஒருவன். அதற்குப் பிறகும் எட்டு வருடம் பாடம் நடத்தினேன். பிள்ளைகள் முன்னைவிடக் கெட்டுப்போகவில்லை.

அந்தப் பிரம்பு இன்னும் பரணில் இருக்கிறது. ஊருக்கு வந்ததும் இறக்கினேன். தூசி தட்டினேன், எண்ணெய் தடவவில்லை. ஒரு அட்டையில் வாங்கிய இடம், வருடம், பயன்படுத்திய ஆசிரியர் என்று என் பெயர், பிறகு 'நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன், வலது கை, பெயர் மறந்துவிட்டேன்' என்று எழுதிக் கட்டி வைத்திருக்கிறேன். வீட்டம்மா, "இதையெல்லாம் எதுக்கு எழுதி வச்சுக்கிட்டு?" என்றார். எழுதாமல் விட்டால் நாளைக்கு என் பேரன் அதை வெறும் 'தாத்தாவின் பிரம்பு' என்று மாட்டி வைப்பான்.

அதனால் என் விண்ணப்பம் இது. உங்கள் வீட்டில் தாத்தாவின் போலீஸ் லத்தியோ, தலையாரியின் கோலோ, ஆசிரியரின் பிரம்போ இருந்தால் எரிக்காதீர்கள், வார்னிஷும் அடிக்காதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு அட்டையில் எழுதிக் கட்டுங்கள். யார் பிடித்தது என்பது முதல் வரி. யார் மேல் விழுந்தது என்பது இரண்டாம் வரி. இரண்டாம் வரிக்குப் பதில் கிடைப்பது கஷ்டம். கேட்டால் சில வீடுகளில் கோபம்கூட வரும். இருந்தாலும் கேளுங்கள்.

என்னிடம் நான்காம் வகுப்பு படித்தவர்கள் சிலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். 1991 அல்லது 92. விரல் வீங்கிய அந்தப் பையன் யார் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால், பொதுவில் போட வேண்டாம், உள்பெட்டியில் எனக்கு மட்டும் சொல்லுங்கள். அட்டையில் எழுதலாமா என்று அவனிடமே கேட்டுக்கொள்கிறேன்.